கேம் ஷாஃப்ட் இல்லாத கார் எஞ்சின்: வருமென்றார்கள், வராமல் போனது ஏன்?

ஈப்போ வட்டாரத்தில் கார் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. புந்தோங், மெங்லெம்பு, சுங்கை சிப்புட், கம்பார் என எங்கு போனாலும் எண்ணெய்க் கறை படிந்த கையோடு எஞ்சினைத் திறந்து வைத்து வேலை பார்க்கும் நம்மவர்களைக் காணலாம். அவர்களில் பலருடைய பெற்றோர் பேராக் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியபோது லயத்து வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, பட்டணத்துப் பட்டறை ஒன்றில் தவுக்கேயிடம் கையாளாகச் சேர்ந்து தொழில் பழகுவது ஒரு வழியாக அமைந்தது. இன்று அவர்களில் சிலர் சொந்தப் பட்டறை நடத்துகிறார்கள்.

அந்தப் பட்டறைகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. டைமிங் பெல்ட் அறுந்த கார் ஒன்றை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எஞ்சின் தலையைக் கழற்றிப் பார்த்தால், வால்வுகள் வளைந்து கிடக்கும். ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும் செலவு. ‘ஒரு ரப்பர் வார் அறுந்ததற்கா இவ்வளவு சேதம்?’ என்று கார் உரிமையாளர் தலையில் கை வைப்பார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. காரின் கண்ணாடி மின்சாரத்தில் இறங்குகிறது. கதவு மின்சாரத்தில் பூட்டிக்கொள்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பக்கூட மின்மோட்டார் உதவுகிறது. அப்படியிருக்க, வால்வுகளை மட்டும் ஏன் இன்னும் பெல்ட்டையும் கேம் ஷாஃப்டையும் கொண்டு திறக்க வேண்டும்? மின்சாரத்திலேயே திறந்து மூட முடியாதா?

முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட எஞ்சின்கள் ஆய்வுக்கூடங்களில் ஓடியிருக்கின்றன. 2000ஆம் ஆண்டுகளில், ‘இன்னும் சில ஆண்டுகளில் சாலைக்கு வந்துவிடும்’ என்றே பேசப்பட்டது. ஆனால் பொதுமக்கள் வாங்கும் பெட்ரோல் கார் எதிலும் மின்காந்த வால்வு வரவில்லை. அது ஏன் என்பதைப் புரிந்துகொள்வது கார் வைத்திருப்பவருக்கும், அதைப் பழுது பார்த்துப் பிழைப்பவருக்கும், இனி அந்தத் தொழிலுக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கும் பயனுள்ளது.

வால்வின் வேலை

பெட்ரோல் எஞ்சின் மூச்சு விட்டு வாழும் ஓர் உயிரைப் போன்றது. காற்றை உள்ளே இழுக்கிறது, அழுத்துகிறது, எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. இந்த நான்கு வேலையும் முடிய கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்ற வேண்டும். காற்று வரும் வழிக்கும் புகை போகும் வழிக்கும் கதவுகளாக இருப்பவைதான் வால்வுகள். ‘16 வால்வு’ என்று காரின் பின்புறம் எழுதியிருந்தால், நான்கு சிலிண்டருக்கும் தலா நான்கு கதவுகள் இருக்கின்றன என்று பொருள்.

இந்தக் கதவுகளைத் திறப்பது கேம் ஷாஃப்ட். முட்டை வடிவக் குமிழ்கள் வரிசையாக அமைந்த ஒரு தண்டு அது. எஞ்சின் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில் சுற்றும். குமிழின் மேடான பகுதி வரும்போது வால்வை அழுத்தித் திறக்கும். மேடு கடந்தவுடன் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கேம் ஷாஃப்டையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைப்பதுதான் டைமிங் பெல்ட் அல்லது செயின்.

எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் அது திறந்திருக்கும் நேரம் ஏறக்குறைய 7 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் 7 பங்கு. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, 800 சுற்று வேகத்தில், அதே வால்வு சுமார் 50 மில்லிநொடி திறந்திருக்கும். பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், ஆனால் பிஸ்டன் உடனே நிற்காது. பல எஞ்சின்களில் மேலே வரும் பிஸ்டன், திறந்தபடி நின்றுவிட்ட வால்வை இடித்து வளைத்துவிடுகிறது.

பெரட்டு மணி போல ஒரே நேரம்

கேம் ஷாஃப்டின் குறை அதன் பிடிவாதம். குமிழின் வடிவம் இரும்பில் வெட்டப்பட்டுவிட்டது. மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும், அதே கோணத்தில்தான் கதவு திறக்கும், அதே கோணத்தில்தான் மூடும்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடிவதற்கு முன் பெரட்டு மணி அடித்தால் எல்லாரும் களத்தில் வந்து நிற்க வேண்டும். முதல் நாள் மழையில் மரம் நனைந்திருந்தாலும், பக்கத்து மலைச்சரிவுக்குப் போகிறவருக்கு அரை மணி நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் மணி ஒன்றுதான். நிர்வாகத்திற்கு அது வசதி. ஆனால் ஒவ்வொரு நிரைக்கும் அது பொருத்தமான நேரம் என்று சொல்ல முடியாது.

எஞ்சினிலும் அப்படித்தான். அதிக வேகத்தில் உள்ளே பாயும் காற்றுக்கு ஓர் உந்து இருக்கும். பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். எனவே வால்வைச் சற்றுத் தாமதமாக மூடுவது நல்லது. ஆனால் குறைந்த வேகத்தில் அந்த உந்து இல்லை. தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் திரும்பவும் வெளியே தள்ளிவிடும். ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கெட்டது. கேம் செதுக்கும் பொறியாளர் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தஞ்சோங் மாலிமின் பாடம்

இந்தச் சிக்கலைப் பேராக் மாநிலத்தின் சொந்தக் கார் ஒன்றே நமக்குக் காட்டியது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் ஜென்-2, தஞ்சோங் மாலிம் தொழிற்சாலையில் உற்பத்தியானது. அதுவரை பெரும்பாலும் மிட்சுபிஷி எஞ்சின்களை நம்பியிருந்த புரோட்டோன், 1996இல் தன் வசமான இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘கேம்புரோ’ எஞ்சினை அந்தக் காரில் பொருத்தியது. கேம்புரோ என்ற பெயரே கேமின் வடிவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலிருந்து வந்ததுதான்.

1.6 லிட்டர் கேம்புரோ, நிமிடத்திற்கு 6,000 சுற்றில் 110 குதிரைத்திறனும், 4,000 சுற்றில் 148 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் கொடுத்தது. தாளில் பார்க்க நல்ல எண்கள். ஆனால் 2,500 முதல் 3,500 சுற்று வரை முறுக்கு விசையில் ஒரு பள்ளம் விழுவதாகக் கார் விமர்சகர்கள் எழுதினார்கள். பட்டறைப் பேச்சில் சொன்னால், அந்த இடத்தில் ‘பிக்கப்’ இல்லை. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா மேடு ஏறுபவருக்கும், தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறுபவருக்கும் அதிகம் தேவைப்படுவது சரியாக அந்த வேகம்தான்.

அந்த முதல் கேம்புரோவில் வால்வு நேரத்தை மாற்றும் வசதி இல்லை. மறு ஆண்டு, 2005இல், பெரோடுவா மைவி வந்தது. அதிலிருந்த டைஹாட்சு வடிவமைப்பு எஞ்சினில் டி.வி.வி.டி. என்ற வசதி இருந்தது. எண்ணெய் அழுத்தத்தால் கேம் ஷாஃப்டைச் சற்று முன்னோ பின்னோ திருப்பி, காற்று வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்திற்கேற்ப மாற்றும் ஏற்பாடு அது. பெரட்டு மணியை வேண்டியபோது கால் மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளி அடிப்பது போல.

2008இல் புரோட்டோனும் பதில் சொன்னது. கேம்புரோ சி.பி.எஸ். எஞ்சினில் காற்று வால்வுக்கு இரண்டு வகைக் குமிழ்கள் இருந்தன. குறைந்த வேகத்தில் தாழ்ந்த குமிழ் வால்வைத் திறக்கும். ஏறக்குறைய 3,800 சுற்றைத் தாண்டியதும் உயர்ந்த குமிழ் பொறுப்பேற்கும். காற்றுக் குழாயின் நீளத்தையும் வேகத்திற்கேற்ப மாற்றினார்கள். திறன் 125 குதிரைத்திறனாக உயர்ந்தது. ஹோண்டா தன் வி-டெக் எஞ்சினில் 1989 முதல் கையாண்ட வழியின் இன்னொரு வடிவம் இது.

ஆக, ஒரு நாட்டின் கார் நிறுவனம் நான்கு ஆண்டுகளில் செய்த திருத்தம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது: கதவை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது?

மின்காந்தம் கொடுத்த ஆசை

இந்த மூன்றையும் கணினி தன் விருப்பப்படி, ஒவ்வொரு வால்வுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகத் தீர்மானித்தால்? அதுதான் மின்காந்த வால்வின் ஆசை.

அதில் இன்னொரு பெரிய லாபமும் உண்டு. சாதாரண பெட்ரோல் காரில் வேகத்தைக் குறைக்க, காற்று வரும் குழாயில் உள்ள தட்டை மூடுகிறோம். எஞ்சின் அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கத் திணறுகிறது. உறிஞ்சு குழலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இளநீர் குடித்தால் கன்னம் வலிக்குமே, அதே கதை. ஈப்போ பட்டணத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது எரியும் பெட்ரோலில் ஒரு பகுதி இந்த வீண் இழுப்புக்கே போகிறது. வால்வைக் கணினி ஆண்டால், தட்டை முழுதும் திறந்து வைத்துவிட்டு, தேவையான அளவு காற்று வந்தவுடன் வால்வையே சீக்கிரம் மூடிவிடலாம். பாதிச் சிலிண்டர்களை உறங்க வைக்கவும் முடியும். பிரான்சின் வாலெயோ நிறுவனம் 2000ஆம் ஆண்டுகளின் நடுவில், தன் மின்காந்த வால்வு முறையால் எரிபொருளில் 20 விழுக்காடு வரை மிச்சமாகும் என்று அறிவித்ததற்கு இதுவே அடிப்படை.

தூளி போல ஆடும் வால்வு

மின்காந்த வால்வின் அமைப்பு எளிமையானது. வால்வின் தண்டில் ஓர் இரும்புத் தகடு. தகட்டுக்கு மேலே ஒரு மின்காந்தம், கீழே ஒரு மின்காந்தம். மேலும் கீழும் ஒவ்வொரு ஸ்பிரிங். மின்சாரம் இல்லாதபோது இரண்டு ஸ்பிரிங்கும் சமமாகத் தள்ள, வால்வு பாதி திறந்த நிலையில் நடுவில் நிற்கும். மேல் காந்தம் தகட்டைப் பிடித்தால் வால்வு மூடியிருக்கும். கீழ்க் காந்தம் பிடித்தால் முழுதும் திறந்திருக்கும். ஜெர்மனியின் ஆகன் நகரப் பொறியியல் பேராசிரியர் பிரான்ஸ் பிஷிங்கர் 1980ஆம் ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பே பின்னர் வந்த பல முயற்சிகளுக்கு வழிகாட்டியது.

ஸ்பிரிங் எதற்கு, காந்தம் மட்டும் போதாதா என்று கேட்கலாம். ஆயாக்கொட்டகையில் தூளி ஆட்டியவர்களுக்கு விடை தெரியும். தூளியை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து விட்டால், அது தானாகவே மறு பக்கம் போகும். மறு பக்கத்தில் நிற்பவர் கையால் பிடித்துக்கொண்டால் போதும். குழந்தையின் எடையை ஒவ்வொரு முறையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. வழியில் இழந்த சிறு வேகத்தை மட்டும் ஈடு செய்தால் சரி. வால்வும் ஒரு ஸ்பிரிங்கின் விசையில் பாய்ந்து மறு ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு போய்ச் சேர்கிறது. காந்தத்தின் வேலை விடுவதும் பிடிப்பதுமே.

ஒரு சிறு கணக்குப் போட்டால் ஸ்பிரிங்கின் அருமை புரியும். வால்வும் தகடும் சேர்ந்து 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 8 மில்லிமீட்டர் தூரத்தை 3 மில்லிநொடியில் கடக்க வேண்டும். நடுவழியில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர், அதிலுள்ள ஆற்றல் 0.8 ஜூல். 16 வால்வுகள், நொடிக்கு 50 முறை, போக ஒன்று வர ஒன்று என்றால் நொடிக்கு 1,600 பாய்ச்சல்கள். ஸ்பிரிங் சேமித்துத் தராவிட்டால் இதற்கு மட்டும் 1,280 வாட் மின்சாரம் வேண்டும். சிறிய காரின் ஆல்டர்னேட்டர் கொடுப்பதே ஏறக்குறைய 1,000 வாட்தான். அதில்தான் விளக்கும் ஏர்கோனும் வானொலியும் ஓட வேண்டும்.

ஸ்பிரிங் இருந்தும் உராய்வு, கம்பிச் சுருளின் சூடு, சிலிண்டர் அழுத்தம் ஆகியவற்றால் மின் தேவை அதிகமாகவே இருந்தது. அதனால்தான் 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் கார்களை 12 வோல்ட்டிலிருந்து 42 வோல்ட்டுக்கு மாற்றும் பேச்சு எழுந்தபோது, மின்காந்த வால்வும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. 42 வோல்ட் திட்டம் செலவு காரணமாகக் கைவிடப்பட்டது. வால்வு நம்பியிருந்த கொம்பு ஒன்று முறிந்தது.

மெதுவாகத் தரையிறங்குவது எப்படி?

மின்சாரத்தைவிடப் பெரிய தடையாக நின்றது வால்வின் தரையிறக்கம்.

கேம் ஷாஃப்டின் குமிழைத் தடவிப் பார்த்தால், மேடு முடியும் இடத்தில் ஒரு மெல்லிய சரிவு தெரியும். வால்வை அதன் இருக்கையில் மெதுவாக, முத்தமிடுவது போல அமர்த்துவதற்காகச் செதுக்கப்பட்ட சரிவு அது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்த வால்வு, இருக்கையைத் தொடும்போது நொடிக்கு 0.1 மீட்டர் அளவுக்கு வேகம் தணிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘டக் டக்’ என்ற சத்தம் காருக்குள் கேட்கும். நாளடைவில் இருக்கை தேயும், வால்வு உடையும்.

காந்தத்திற்கு இந்த நயம் தெரியாது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். தூரத்தில் இருக்கும்போது இழுப்பே தெரியாது. நெருங்கியதும் கையைப் பிடுங்கிக்கொண்டு போய் ‘சட்’டென்று ஒட்டும். இடைவெளி பாதியானால் இழுவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். மெதுவாகத் தொட வேண்டிய கடைசி இடத்தில்தான் அது மூர்க்கமாக இழுக்கிறது. மின்னோட்டத்தைக் குறைத்தால் வால்வு போய்ச் சேராமலே நடுவழியில் திரும்பிவிடும். கூட்டினால் மோதும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய கோட்டில், ஒவ்வொரு வால்வையும் நொடிக்கு 50 முறை நடத்த வேண்டும்.

இதற்கு மேல், நிலைமை ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும். புகை வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கும். 25 மில்லிமீட்டர் அகல வால்வின் மேல் 4 பார் அழுத்தம் இருந்தால், அது 20 கிலோ மூட்டையைத் தாங்குவதற்குச் சமம். மிதியை அழுத்தினால் மூட்டை கனக்கும், விட்டால் இலேசாகும். சூட்டில் வால்வு நீளும், எண்ணெய் இளகும். இவை அனைத்தையும் அளந்து கணித்து ஈடுகட்ட ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் உணரி, ஒரு மின்சுற்று தேவை. 16 வால்வுக்கு 32 மின்காந்தச் சுருள்கள். அவற்றில் ஒன்று தவறினாலும் வால்வு பிஸ்டனின் வழியில் நிற்கக்கூடும். பெல்ட் அறுந்த அதே சேதம் மென்பொருள் வழியாகத் திரும்பி வரும்.

ஆய்வுக்கூடத்தில் பொறியாளர் பக்கத்தில் இருக்க, இது சாத்தியமே. ஆனால் கம்போங் சாலையில் 20 ஆண்டு ஓடி, மூன்று கை மாறி, நேரத்திற்கு எண்ணெய் மாற்றாத காரிலும் இது வேலை செய்ய வேண்டும். ஒரு கேம் ஷாஃப்டும் பெல்ட்டும் அதைச் செய்துவிடுகின்றன.

பாதி வழியில் கிடைத்த லாபம்

எதிர்ப்பக்கத்தில், பழைய கேம் ஷாஃப்ட் சும்மா இருக்கவில்லை. 2001இல் பி.எம்.டபிள்யூ. அறிமுகப்படுத்திய வால்வெட்ரோனிக் முறையில் கேம் ஷாஃப்ட் அப்படியே இருந்தது. கேமுக்கும் வால்வுக்கும் இடையே ஒரு நெம்புகோலை வைத்து, அதைச் சிறிய மின்மோட்டாரால் நகர்த்தி, வால்வு எவ்வளவு உயரம் திறக்க வேண்டும் என்பதை மாற்றினார்கள். காற்றுத் தட்டின் திணறல் பெருமளவு குறைந்தது. 2009இல் இத்தாலியின் ஃபியட் கொண்டு வந்த மல்டிஏர் முறை, கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் எண்ணெயை வைத்தது. சிறிய மின்காந்தக் கதவு ஒன்று அந்த எண்ணெயை வெளியே விட்டால், கேம் அழுத்தினாலும் வால்வு திறக்காது.

புரோட்டோன் வசமிருந்த லோட்டஸ் நிறுவனமும் கேமே இல்லாமல், மின்சாரம் ஆளும் எண்ணெய் அழுத்தத்தால் வால்வைத் திறக்கும் ஒரு முறையை உருவாக்கி ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியது. சுவீடனின் கொனிக்செக் நிறுவனம் காற்றழுத்தத்தையும் எண்ணெயையும் மின்சாரத்தையும் சேர்த்து அமைத்த கேமில்லா எஞ்சின், 2016இல் சீனாவின் கோரோஸ் மாதிரிக் காரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2020இல் தன் கெமேரா காருக்கும் அதை அறிவித்தது. ஆனால் அது கோடீசுவரர்களுக்கான கார்.

பெருவாரியான மக்கள் வாங்கும் கார்களில் வெற்றி பெற்றவை பாதி வழி ஏற்பாடுகள்தான். வால்வு நேரத்தை மாற்றும் கேம், நேரடி எரிபொருள் தெளிப்பு, டர்போ, ஹைபிரிட் என ஒவ்வொன்றும் மின்காந்த வால்வு தருவதாகச் சொன்ன லாபத்தில் ஒரு பங்கைக் குறைந்த செலவில் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த லாபம் அதன் விலைக்கு ஈடாகவில்லை.

வெற்றி பெற்ற தம்பி

இதனால் எஞ்சினுக்குள் மின்காந்தம் தோற்றுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் ஒரு மின்காந்த வால்வுதான். அதுவும் மில்லிநொடிக் கணக்கில் திறந்து மூடுகிறது. அது வென்றதற்குக் காரணம் அதன் சிறுமை. அதன் ஊசி சில கிராம் எடைதான், நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. 8 மில்லிமீட்டர் பாய வேண்டிய அண்ணன் தோற்ற இடத்தில் தம்பி வென்றுவிட்டான். ஏ.பி.எஸ். பிரேக்கிலும் ஆட்டோ கியரிலும் இருப்பவை இதே தம்பியின் உறவினர்கள்.

மைவியில் உள்ள டி.வி.வி.டி.யை ஆள்வதும் ஒரு சிறிய மின்காந்த எண்ணெய் வால்வுதான். இங்கேதான் பட்டறைக்காரருக்கும் கார் உரிமையாளருக்கும் நேரடிப் பாடம் இருக்கிறது. அந்த எண்ணெய் வழியில் மெல்லிய வலை உண்டு. மினாக் ஹீத்தாம் நேரத்திற்கு மாற்றப்படாவிட்டால், கசடு அந்த வலையை அடைக்கும். எஞ்சின் நடுங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0011 போன்ற குறியீடு வரும். குறியீட்டை மட்டும் பார்த்து உணரியை மாற்றுபவர் வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குகிறார். எண்ணெய் எப்படிப் போய் எதைத் தள்ளுகிறது என்று தெரிந்தவர், முதலில் எண்ணெயின் அளவையும் தரத்தையும் பார்க்கிறார், பிறகு அந்த வால்வைக் கழற்றித் துடைத்துச் சோதிக்கிறார். கார் கையேட்டில் சொன்ன தடிமன் கொண்ட எண்ணெயைப் போடுவதும், டைமிங் பெல்ட்டை அறுவதற்கு முன் உரிய கிலோமீட்டரில் மாற்றுவதும் உரிமையாளரின் கடமை.

அடுத்த தலைமுறைக்கு

தஞ்சோங் மாலிமில் கதை இன்னொரு திருப்பம் கண்டிருக்கிறது. 2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2024 டிசம்பரில் புரோட்டோனின் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7 வெளிவந்தது. 2025இல் தஞ்சோங் மாலிமிலேயே மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அந்தக் காரில் வால்வும் இல்லை, கேமும் இல்லை, டைமிங் பெல்ட்டும் இல்லை.

ஆனால் மின்சாரக் காரின் மோட்டாரைத் திறந்து பார்த்தால் பழைய நண்பன் உட்கார்ந்திருப்பான். சுழலும் பகுதி எங்கே இருக்கிறது என்று ஓர் உணரி சொல்கிறது. அதற்கேற்ப எந்தக் கம்பிச் சுருளுக்கு எப்போது, எவ்வளவு மின்னோட்டம் விடுவது என்று கணினி தீர்மானிக்கிறது. மின்காந்த வால்வு கேட்டதும் இதே அறிவைத்தான். நேரம் பார்த்துத் திறந்து மூடும் வித்தை வேறு உடலுக்குள் புகுந்திருக்கிறது.

நம் சாலைகளில் பெட்ரோல் கார்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். எனவே பட்டறைகள் நாளையே மூடப்படும் என்ற அச்சம் தேவையில்லை. ஆனால் காது கொடுத்துச் சத்தம் கேட்டுப் பழுது கண்டுபிடிக்கும் கைத்திறனோடு, மீட்டர் பிடித்து வோல்ட் அளக்கவும், ஸ்கேனரில் ஓடும் எண்களைப் படித்துப் பொருள் கொள்ளவும் தெரியாதவர் பின்தங்கிவிடுவார். மின்சாரக் காரில் ஆபத்தும் உண்டு. ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. முறையான பயிற்சி இல்லாதவர் அதில் கை வைத்தால் உயிர் போகும். பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்ற பழைய வழி அங்கே செல்லாது.

பயிற்சிக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஈப்போவில் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. 1969இல் தொடங்கப்பட்ட, நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஒமார் இருப்பதும் ஈப்போவில்தான். அரசாங்கத்தின் மலேசியத் திறன் சான்றிதழ், முதல் நிலையிலிருந்து படிப்படியாக டிப்ளோமா வரை ஏற வழி தருகிறது. பட்டறையில் ஏற்கெனவே வேலை செய்பவர், தன் அனுபவத்தைக் காட்டி அந்தச் சான்றிதழைப் பெறும் வாய்ப்பும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையைக் கடைசி வழியாகப் பட்டறைக்கு அனுப்பும் பெற்றோர், கார் பழுது பார்ப்பது இன்று இயற்பியலும் மின்னியலும் கலந்த வேலை என்பதை உணர வேண்டும். கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் காந்தம் எப்படி இழுக்கிறது என்பதையும் சொல்லிக் கொடுத்தால், தஞ்சோங் மாலிம் எந்தக் காரை உற்பத்தி செய்தாலும் அவனுக்கு வேலை இருக்கும்.